கொலுசுக் கண்ணியும் அறுபது டிகிரியும்

"சார், மறுபடியும் பச்சை."

பவானி என் மேஜைமேல் வைத்த பீங்கான் படகு ஒரு விரல் நீளம் இருக்கும். படகு என்றதும் ஆற்றை நினைக்க வேண்டாம். மாதிரிப் பொருளை வைத்து உலைக்குள் தள்ளும் சிறு தொட்டிக்கு எங்கள் ஆய்வகத்தில் அதுதான் பெயர். அதன் அடியில் ஒரு வில்லை ஒட்டிக்கிடந்தது. இருமல் மாத்திரை அளவு. கறுப்பாக, தொட்டால் தனியே எழும்பி வரும்படி, கண்ணாடித் தட்டில் போட்டால் 'டிங்' என்று ஒலிக்கும்படி இருந்திருக்க வேண்டியது. ஓரமெல்லாம் உருகி வழிந்து, படகோடு ஒன்றிப்போய், பாசி பிடித்த குளத்துப் படி போல இருந்தது.

நான் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன். பிறகு சொன்னது இன்னும் எழுத்துக்கு எழுத்து நினைவிருக்கிறது. மறக்க முயன்று தோற்றவற்றில் அதுவும் ஒன்று.

"அரைச்சது பத்தலைம்மா. இன்னொரு தடவை அரை."

அவள் தன் வலது உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டாள். கொப்புளம் உடைந்த இடத்தில் பிளாஸ்திரி ஒட்டியிருந்தது. படகை எடுத்துக்கொண்டு போனாள். வெளியே பெங்களூருக்கே உரிய அந்தத் தூறல், பெய்கிறதா இல்லையா என்று முடிவு செய்யாமல் நின்றுகொண்டிருந்தது.

விஞ்ஞானியா, பியூனா?

போன வாரம் திரவ நைட்ரஜன் குடுவையைப் பற்றி எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு ஒரு வாசகர், 'நீங்கள் விஞ்ஞானியா, பியூனா, தெளிவாகச் சொல்லவும்' என்று அஞ்சலட்டை போட்டிருக்கிறார். இரண்டுக்கும் நடுவில், ஐயா. பல்கலைக்கழகத்தின் பொருளறிவியல் ஆய்வகத்தில் நான் டெக்னீஷியன். கடைசியில் அதன் முன்னால் 'சீனியர்' என்று ஒரு சொல்லைச் சேர்த்தார்கள். வேறு எதையும் சேர்க்கவில்லை.

விஞ்ஞானி தவறு செய்தால் சில சமயம் அது கண்டுபிடிப்பாகிவிடும். பியூன் தவறு செய்தால் மெமோ வரும். டெக்னீஷியன் தவறு செய்தால், பெரும்பாலும் அது வேறு யாரோ ஒருவரின் தவறாகிவிடும். இந்த வாரக் கதை அந்த மூன்றாவது வகை.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. மீக்கடத்திகள் என்றால் உலகமே கிறுக்குப் பிடித்து அலைந்த காலத்தின் வால் பகுதி. மூன்று பொடிகளைச் சரியான அளவில் கலந்து, அரைத்து, வில்லையாக அழுத்தி, ஆக்சிஜன் ஓடும் உலையில் சுட்டால் ஒரு கறுப்பு வில்லை கிடைக்கும். அதைத் தெர்மாகோல் கிண்ணத்தில் வைத்துத் திரவ நைட்ரஜனை ஊற்றி, மேலே ஒரு சிறு காந்தத்தை விட்டால், காந்தம் விழாது. காற்றில் மிதக்கும். விரலால் சுண்டினால் சுற்றும்.

நூறு தடவை பார்த்திருக்கிறேன். நூற்றியோராவது தடவையும் வாயைத் திறந்துகொண்டுதான் பார்ப்பேன். அமைச்சர்கள் வந்தால் அதைத்தான் காட்டுவோம். புரியாவிட்டாலும் கைதட்டத் தோன்றும்.

ஆனால் அந்த வில்லைக்கு ஒரு பிடிவாதம் உண்டு. 960 டிகிரியில் சுட்டால் கறுப்பு. ஆயிரத்தைத் தாண்டி இன்னும் கொஞ்சம் போனால் உருகிப் பிரிந்து பச்சை. பச்சை வில்லைமேல் காந்தம் மிதக்காது. கல் போலக் கிடக்கும்.

மஞ்சள் கோடு

உலை இருந்த அறை என் ராஜ்ஜியம். வாசலில் இருந்து நாலடி உள்ளே தரையில் ஒரு மஞ்சள் கோடு போட்டிருந்தேன். நானே, என் கையால், பெயின்ட் டப்பாவோடு குந்தி உட்கார்ந்து போட்டது. அதைத் தாண்டி ஆராய்ச்சி மாணவர்கள் வரக் கூடாது. எத்தனை டிகிரி, எத்தனை மணி நேரம் என்று சீட்டில் எழுதிப் பெட்டியில் போட வேண்டும். மாதிரியைத் தட்டில் வைக்க வேண்டும். மறுநாள் வந்து எடுத்துக்கொள்ள வேண்டும். நடுவில் நடப்பது தேவராஜ் சாருக்கும் உலைக்கும் உள்ள விவகாரம்.

இன்னும் சில விதிகள் இருந்தன. லாக் புக்கில் எதையும் அழிக்கக் கூடாது. தவறென்றால் ஒரே ஒரு கோடு இழுத்து, பக்கத்தில் கையெழுத்துப் போட வேண்டும். எந்தக் காகிதமும் மேஜைமேல் கிடக்கக் கூடாது. வந்த அன்றே ஃபைலுக்குள் போக வேண்டும். ஆய்வகத்துக்குள் உலோக ஆபரணம் கூடாது.

இந்தக் கடைசி விதி பவானியின் கொலுசுக்காகவே எழுதப்பட்டது என்று சிலர் சொன்னார்கள். உண்மைதான். அவள் வந்த முதல் வாரம், தாழ்வாரத்தில் சலங் சலங் என்று சத்தம் கேட்டு என் தராசில் கவனம் தப்பியது. அன்று சாயங்காலமே அறிவிப்பு ஒட்டிவிட்டேன். அதிலிருந்து அவள் வாசலிலேயே கொலுசைக் கழற்றி, டிபன் பையின் பக்கவாட்டில் போட்டுக்கொண்டு உள்ளே வருவாள்.

பவானி கோலார் தங்க வயல்காரி. அப்பா சுரங்கத்தில் வேலை பார்த்தவர். அவர்கள் குடியிருந்த தொழிலாளர் லைன் வீடுகளில் இருந்து முதன்முதலாக டாக்டர் பட்டத்துக்குப் படிக்க வந்தவள். வாரக் கடைசியில் மாரிக்குப்பம் ரயிலில் ஊருக்குப் போவாள். ரயிலில் யாரோ, "இன்னா வேலம்மா பண்றே?" என்று கேட்டாராம். "பவுடர் அரைக்கறேன்" என்றிருக்கிறாள். "மாவு மில்லா? நல்ல வேலதான், எப்பவும் ஓடும்" என்று ஆசீர்வாதம் செய்தாராம். அதை அவளே சொல்லிச் சிரிப்பாள்.

அவள் வில்லைகள் முதல் வருடம் அற்புதமாக வந்தன. பேராசிரியர் நாகபூஷணா மாநாட்டுக்கெல்லாம் அவற்றை எடுத்துப் போனார். ஆய்வேட்டை முடிக்கும்முன் அதே வில்லைகளை மீண்டும் ஒருமுறை செய்து காட்ட வேண்டும். அவ்வளவுதான் பாக்கி. அந்தச் சமயத்தில்தான் பச்சை ஆரம்பித்தது.

என் சொத்து

இங்கே ஒரு ரகசியத்தைச் சொல்லியாக வேண்டும். சம்பந்தப்பட்ட உலை பழைய இரும்புக்குப் போய்விட்டது. இனி ஆபத்தில்லை.

அந்த உலை பொய் சொல்லும். முகப்பில் 1020 என்று காட்டினால், உள்ளே வில்லை இருக்கும் இடத்தில் 960தான் இருக்கும். வெப்பத்தை அளக்கிற தெர்மோகப்பிள் என்ற கம்பி, வில்லைக்குப் பக்கத்தில் இருக்காமல் சூடேற்றும் சுருளோடு ஒட்டிக்கொண்டு இருந்ததால் வந்த வினை. அடுப்புக்கு நேரே கையை நீட்டிவிட்டுச் சமையலறை முழுவதும் கொதிக்கிறது என்று சொல்வது மாதிரி.

இதைக் கண்டுபிடித்தது நான். பக்கத்துத் துறையில் ஒரு நல்ல அளவுமானியை இரவல் வாங்கி, பத்து நாள் சோதித்தேன். எப்போதும் அறுபது டிகிரி வித்தியாசம். அப்போதைய துறைத் தலைவரிடம் எழுதிக் கொடுத்தேன். அவர் அதைப் படித்துவிட்டு, "உலைக்குச் சான்றிதழ் இருக்கிறதே" என்றார். உலையைவிடச் சான்றிதழ் நன்றாக வேலை செய்தது என்பது உண்மைதான்.

ஆகவே நானே அறுபதைக் கூட்டிக்கொண்டேன். மாணவர் 960 என்று சீட்டில் எழுதினால் நான் 1020 வைப்பேன். முதல் மாதம் லாக் புக்கில் இரண்டு எண்களையும் எழுதினேன். மேற்பார்வைக்கு வந்த ஒருவர் 'ஏன் இரண்டு?' என்று கேட்டுவிட, தலைவர் நெளிந்தார். "ஒன்றை எழுதினால் போதும்" என்று எனக்கு உத்தரவு. வில்லை உண்மையில் எந்தச் சூட்டில் சுடப்பட்டதோ அதை எழுதினேன். 960.

ஆக, கேட்டது 960, கிடைத்தது 960, எழுதியது 960. நான் வைத்த 1020 மட்டும் எங்கும் இல்லை. என் தலைக்குள் இருந்தது. ஆறு வருடம். ஒவ்வொரு ஜனவரியிலும் இரவல் அளவுமானியை வைத்துச் சரிபார்ப்பேன். அறுபது அசையவில்லை.

புதிய தலைவராக நாகபூஷணா வந்தபோது அவரிடம் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. நேரமில்லை என்று பல வருடம் எனக்கே சொல்லிக்கொண்டேன். விஷயம் வேறு. டாக்டர் பட்டம் வாங்கிக்கொண்டு அமெரிக்கா போன அத்தனை பேரின் வில்லைக்குள்ளும் என்னுடைய அறுபது டிகிரி இருந்தது. அது அவர்களுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். தொம்மலூருக்கு இரண்டு பஸ் மாறி நின்றுகொண்டே வீட்டுக்குப் போகிறவனுக்கு இந்த மாதிரி ஏதாவது ஒன்று தேவைப்படுகிறது.

பத்து நாள் லீவு

அந்த மழைக்காலத் தொடக்கத்தில் தங்கை மகள் கல்யாணத்துக்காகக் கிருஷ்ணகிரிக்குப் போனேன். பத்து நாள் லீவு. அத்திபெலே எல்லையைத் தாண்டிவிட்டால் எனக்கு ஆய்வக நினைவு வராது என்று என் மனைவி நம்பினாள். பந்தியில் பாயசம் கொதிக்கக் கொதிக்க வந்தபோது, அதன் வெப்பம் என்ன இருக்கும் என்று பக்கத்து இலைக்காரரிடம் விளக்கிக்கொண்டிருந்தேன்.

திரும்பி வந்தேன். வேலையைத் தொடர்ந்தேன். பச்சை ஆரம்பித்தது. இந்த மூன்று வாக்கியங்களையும் இப்படி வரிசையாக எழுதிப் பார்க்க அன்று எனக்குத் தோன்றவில்லை.

பவானி அரைத்தாள். பச்சை. பொடிகளைப் புதிதாக வாங்கி அரைத்தாள். பச்சை. ஆக்சிஜன் உருளையை மாற்றினாள். பச்சை. ஒவ்வொரு முறையும் நான் புதுக் காரணம் சொன்னேன். எனக்கு அதில் அலாதியான திறமை.

ஏழாவது வாரம் பேராசிரியர் எங்கள் இருவரையும் அறைக்குக் கூப்பிட்டார். நல்ல மனிதர். கோபம் வந்தால் குரல் இறங்கும்.

"என்ன்ரீ தேவராஜ், ஃபர்னஸ் எல்லா சரியிதெயா?"

"சரியாத்தான் இருக்கு சார்."

நான் யோசிக்கக்கூட இல்லை. உங்கள் அம்மா நல்லவரா என்று கேட்டால் யோசித்தா பதில் சொல்வீர்கள்?

அவர் பவானியைப் பார்த்தார். "ஒருதடவெ வந்தது திரும்ப வரலேன்னா, அது சயின்ஸ் அல்லம்மா. மேஜிக்கு."

அவளுடைய வருடாந்தர அறிக்கை மேஜைமேல் இருந்தது. அதில் அவர் ஏற்கனவே எழுதிவிட்டிருந்தார். தலைகீழாக இருந்தாலும் என்னால் படிக்க முடிந்தது. 'முடிவுகள் மீண்டும் பெறப்படவில்லை. முந்தைய முடிவுகளின் நம்பகத்தன்மை ஐயத்துக்குரியது.' அந்த ஒரு வரியோடு எந்தத் தேர்வாளரும் அவள் ஆய்வேட்டைத் திறக்க மாட்டார். அவளுக்கு இன்னும் ஒரு மாதம்தான் இருந்தது. அதன் பிறகு பதிவு காலாவதி.

தாழ்வாரத்தில் அவள் கேட்டாள். "நான் இன்னா, பொய் எழுதிட்டேன்னு நினைக்கறாரா சார்?"

"நல்லா அரைச்சுப் பாரும்மா" என்றேன்.

சீட்டில் வந்த கண்ணி

இரண்டு நாள் கழித்துப் பெட்டியில் பவானியின் சீட்டு இருந்தது. பொருள்: வெள்ளி. வெப்பம்: 930. நேரம்: ஒரு மணி. தட்டில் இருந்த படகில் குட்டியாக ஒரு வளையம், கொக்கியோடு.

வழக்கம்போல் அறுபதைக் கூட்டி 990 வைத்தேன். ஆறியதும் எடுத்தால், வளையம் இல்லை. மிளகு அளவில் மங்கலான ஒரு குண்டுமணி.

"என்னம்மா இது? நகைக்கடை வெச்சிருக்கேனா நான்?"

"என் கொலுசுலருந்து ஒரு கண்ணி சார். உள்ள போடக் கூடாதுன்னு நீங்கதான சொன்னீங்க. பையில சும்மாதான கெடக்குது."

"எதுக்கு?"

"வெள்ளி 961ல உருகும். நான் எழுதினது 930. உருகக் கூடாது சார். உருகிடிச்சி."

நான் சிரித்தேன். அந்தச் சிரிப்பை இப்போது நினைத்தாலும் காது சுடுகிறது. "கொலுசு வெள்ளி சுத்த வெள்ளியா? தாமிரம் கலந்திருப்பான். எண்ணூறைத் தாண்டினாலே இளக ஆரம்பிச்சிடும். தங்கம் தோண்டற ஊர்லருந்து வந்துட்டு இதுகூடத் தெரியாதா?"

"எங்க ஊர்ல தோண்டறதோட சரி சார். போட்டுக்கறது வேற யாரோ."

லாக் புக்கின் குறிப்புப் பத்தியில் அழகான கையெழுத்தில் எழுதினேன்: 'கலப்பு வெள்ளி. சோதனை செல்லாது.' அவளிடம் திருப்பிக் காட்டவும் செய்தேன்.

அவள் நிதானமாகப் படித்தாள். "நீங்க சொல்றது ரைட்டு சார். அப்போ சுத்த வெள்ளி குடுங்க."

மின் இணைப்புக்கான சுத்த வெள்ளிக் கம்பி என் பூட்டிய அலமாரியில் இருந்தது. "இண்டென்ட் போட்டாத்தான் தருவேன்" என்றேன்.

அவள் நோட்டுக்குள்ளிருந்து பொருள் கேட்கும் அந்த இண்டென்ட் படிவத்தை எடுத்தாள். ஏற்கனவே பூர்த்தி செய்து, கையெழுத்தும் போட்டு வைத்திருந்தாள். ஒரு கட்டம்கூட விட்டுப்போகவில்லை. எனக்கு லேசாகப் பெருமையாக இருந்தது. இவ்வளவு சரியாக இண்டென்ட் எழுதியவர்கள் என் காலத்தில் மூன்று பேர் இல்லை.

"ஆக்சிஜன் ஓடும்போது சுத்த வெள்ளியும் இருபது டிகிரி முன்னாடியே உருகும், தெரியுமில்ல?" என்றேன், விடாமல்.

"தெரியும் சார். அதுக்குத்தான் 930."

அங்கேயாவது நான் நின்றிருக்க வேண்டும். நிற்கவில்லை. ஒரு சென்டிமீட்டர் வெட்டிக் கொடுத்து, நானே படகில் வைத்து, நானே 990 வைத்தேன். கம்பி கம்பியாகவே திரும்பி வரும் என்பதில் சந்தேகமே இல்லை. உள்ளே 930தானே.

மறுநாள் காலை படகை இழுத்தேன். கம்பி இல்லை. உருண்டை. அதன் மேல் சிறு சிறு முண்டுகள். உருகிய வெள்ளி ஆக்சிஜனைக் குடித்துவிட்டு, ஆறும்போது கக்கினால் அப்படித்தான் முண்டு விழும். பாடப் புத்தகத்தில் உள்ளபடியே இருந்தது. வாதாட ஒன்றும் மிச்சம் இல்லை.

மூக்குக் கண்ணாடியைத் துடைத்தேன். துடைத்துக்கொண்டே இருந்தேன்.

ஃபைலில் இருந்தது

கெம்பண்ணா எங்கள் ஆய்வக உதவியாளர். என் வயதுதான். இருபது வருடம் ஒரே அறையில் டீ குடித்திருக்கிறோம். நான் தமிழில் பேச அவர் கன்னடத்தில் பதில் சொல்லி, நடுவில் எங்கோ சந்தித்துக்கொள்வோம்.

"கெம்பண்ணா, நான் லீவுல இருந்தப்ப ஃபர்னஸை யாராவது தொட்டாங்களா?"

"இல்லா சார். நானு யாரையும் விடலே." டீயை உறிஞ்சினார். "சர்வீஸ் எஞ்சினியர் பந்தித்ரு. அவ்ளோதான்."

"சர்வீஸ் எஞ்சினியர் வந்தாரா? ரிப்போர்ட் எங்க?"

"ஃபைல்ல ஹாக்கிதினி."

"ஃபைல்ல போட்டாச்சா? என்கிட்ட சொல்லக் கூடாதா?"

"நீவே ஹேளித்ரல்லா சார்! டேபிள் மேல பேப்பர் இருக்கக் கூடாது, வந்த அன்னிக்கே ஃபைலுக்குள்ள போகணும்னு. போயித்து."

போயிருந்தது. சரியான ஃபைலில், சரியான தேதி வரிசையில், துளை போட்டு, நூலில் கோத்து. கெம்பண்ணா என் விதிகளை என்னைவிட நன்றாகக் கடைப்பிடித்தார். தெர்மோகப்பிள் இடம் மாறியிருந்ததாகவும், அதை நடுவில் சரியாகப் பொருத்தியதாகவும் எஞ்சினியர் எழுதியிருந்தார். கடைசி வரி: 'காட்டும் வெப்பத்தில் பிழை: இல்லை.'

ஆறு வருடமாகப் பொய் சொன்ன உலை, நான் பாயசத்தின் வெப்பத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்த நாளில் உண்மை பேச ஆரம்பித்துவிட்டது. நான் வழக்கம்போல் அதைத் திருத்திக்கொண்டிருந்தேன்.

ஏழு வாரம். வெள்ளி இரண்டையும் விட்டுவிட்டால் பதினெட்டுச் சீட்டுகள். அதில் பதினொன்று பவானியுடையவை. மற்றவை அறுபது டிகிரி கூடினாலும் முகம் சுளிக்காத பொடிகள். லாக் புக்கில் பதினெட்டிலும், கேட்ட வெப்பத்திலேயே சுட்டதாக என் அழகான கையெழுத்து.

போதுமா சார்?

அவள் ஜன்னலோரம் உட்கார்ந்து அரைத்துக்கொண்டிருந்தாள். கல்வத்தில் குழவி சுற்றும் அந்தச் சத்தம், உப்புத்தாளை மெதுவாகத் தேய்ப்பது மாதிரி இருக்கும். ஏழு வாரமாக அது என் காதில் விழுந்துகொண்டுதான் இருந்தது.

"அரைக்கறதை நிறுத்தும்மா."

நிமிராமலே கேட்டாள். "போதுமா சார்?"

எதிரில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். அறுபதைச் சொன்னேன். லீவைச் சொன்னேன். ஃபைலைச் சொன்னேன். சொல்லி முடிக்க இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. ஆறு வருடம் கட்டிக் காத்த ஒன்று இவ்வளவு சின்னதாகவா இருக்கும் என்று எனக்கே ஆச்சரியம்.

அவள் குழவியைக் கீழே வைத்தாள். "ஆறு வருஷமா யார்கிட்டயும் சொல்லலியா?"

"இல்ல."

"கெம்பண்ணா சார்கிட்டகூடவா?"

"இல்ல."

"இன்னாத்துக்கு சார்?"

எந்தக் கேள்விக்கும் காரணம் சொல்லத் தெரிந்தவன் நான். அன்று கல்வத்தை அவள் முன்னாலிருந்து நகர்த்தி வைத்தேன்.

பிளாஸ்திரியின் ஓரத்தைப் பிய்த்துக்கொண்டே அவள் கேட்டாள். "புரொபசர் சார்கிட்ட நீங்க சொல்றீங்களா, நான் போய்ச் சொல்லணுமா?"

"நான் சொல்றேன்."

"இப்பவா?"

"இப்பவே."

ஒரே ஒரு கோடு

பேராசிரியர் முழுவதும் கேட்டார். லாக் புக், சர்வீஸ் ரிப்போர்ட், வெள்ளி உருண்டை மூன்றையும் அவர்முன் வரிசையாக வைத்திருந்தேன். சாட்சிகள் மாதிரி.

"அறுவத்தா?"

"அறுபது சார்."

"ஆறு வர்ஷமா?"

"ஜனவரி ஜனவரி செக் பண்ணேன் சார்."

அவர் முகத்தில் ஓடியது கோபமா சிரிப்பா என்று கண்டுபிடிக்க முடியவில்லை. இரண்டும் ஒன்றையொன்று பிடித்து வைத்திருந்தன. கடைசியில், குரலை இறக்கி, "சரி, இனிமே சரியா வையுங்க. அந்தப் பொண்ணு இன்னொருதடவெ பண்ணட்டும். இதெல்லா எழுத்துல பேடாரீ. நிம்மகேதான் கஷ்டம்" என்றார். எழுத வேண்டாம், உங்களுக்குத்தான் கஷ்டம் என்கிறார். அவர் நல்ல மனிதர் என்று முன்பே சொன்னேன்.

எனக்கு அது பிடித்திருந்தது. ஒரு நிமிடம் மிகவும் பிடித்திருந்தது. ஓய்வு பெறுவதற்குள் என் சர்வீஸ் புத்தகத்தில் ஒரு கறையும் விழக் கூடாது என்று ஆசைப்பட்டவன் நான். பிறகு அவருடைய மேஜையில் இருந்த அந்த வருடாந்தர அறிக்கை கண்ணில் பட்டது. வில்லை நாளைக்கே கறுப்பாக வரலாம். 'ஐயத்துக்குரியது' என்ற சொல் தானாகக் கறுக்காது. அது போக வேண்டுமானால், அதற்குக் காரணம் ஒரு காகிதத்தில் இருக்க வேண்டும். நடைமுறை அப்படி. நடைமுறை எனக்குத் தெரியாமல் யாருக்குத் தெரியும்?

"எழுதித்தான் கொண்டுவந்திருக்கேன் சார்" என்றேன். இரண்டு பிரதி. ஒன்றில் வாங்கிக்கொண்டதாக அவர் கையெழுத்துப் போட வேண்டும். இடத்தைப் பென்சிலில் குறித்திருந்தேன்.

அவர் இரண்டையும் படித்தார். கையெழுத்துப் போட்டார். அப்புறம் பவானியின் அறிக்கையை இழுத்து, தன் வரியின் மேல் ஒரே ஒரு கோடு இழுத்து, பக்கத்தில் கையெழுத்திட்டார். என் விதி அவர்வரை போயிருந்தது அன்றுதான் எனக்குத் தெரியும்.

எனக்கு மெமோ வந்தது. சர்வீஸ் புத்தகத்தில் எச்சரிக்கை ஏறியது. ஆறு மாதத்துக்கு உலைப் பொறுப்பு கெம்பண்ணாவுக்கு.

இவ்ளோதானா?

பவானியின் அடுத்த வில்லை உலைக்குப் போன நாளில் ஒரு புது விதி அமலுக்கு வந்தது. பேராசிரியர் போட்டது. மாதிரி யாருடையதோ அவரே உள்ளே வந்து, எத்தனை டிகிரி வைக்கப்படுகிறது என்று கண்ணால் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். சீட்டுப் பெட்டி ஒழிந்தது.

பவானி மஞ்சள் கோட்டைத் தாண்டி உள்ளே போனாள். நாலு வருடத்தில் முதல் தடவை. உலையை இப்படியும் அப்படியும் பார்த்தாள். நம்மூர்ப் பெட்டிக்கடை ஐஸ் பெட்டியைவிட அது பெரியதில்லை.

"இவ்ளோதானா சார்?" என்று திரும்பி என்னைக் கேட்டாள்.

பார்க்கலாமே என்று நானும் ஓரடி வைத்தேன்.

"சார்," என்றார் கெம்பண்ணா, முகத்தை வெகு கடுமையாக வைத்துக்கொண்டு. "லைன் ஹிந்தே."

பின்வாங்கி, நான் போட்ட கோட்டுக்கு இந்தப் பக்கம் நின்றேன். கெம்பண்ணா 960 வைத்தார். பவானி படித்துச் சொன்னாள், "தொள்ளாயிரத்து அறுபது." கையெழுத்துப் போட்டாள்.

மறுநாள் அவள் படகைச் சாய்த்தபோது வில்லை தானாக உருண்டு கண்ணாடித் தட்டில் விழுந்தது. டிங். திரவ நைட்ரஜனை நான் ஊற்றினேன். அந்தப் பொறுப்பை யாரும் என்னிடமிருந்து எடுக்கவில்லை. வெண்புகை வழிந்து மேஜை விளிம்பில் இறங்கியது. கொதிப்பு அடங்கியதும் அவள் காந்தத்தை விட்டாள். அது நின்றது. பிளாஸ்திரி போட்ட கையின் விரலால் சுண்டினாள். சுற்றியது. யாரும் கைதட்டவில்லை. அமைச்சர்கள் யாரும் இல்லையே.

ஊருக்குப் போகுமுன் அவள் தன் குண்டுமணியைக் கேட்டாள். "கண்ணி எங்கன்னு அம்மா கேக்கும் சார். இதையாவது காட்டணும்." உறையில் போட்டு, மாதிரி திருப்பித் தரப்பட்டது என்ற படிவத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுத்தேன். கொலுசில் விட்டுப்போன இடத்தை ஆய்வகச் செப்புக் கம்பியால் முறுக்கி இணைத்திருந்தாள். அந்தக் கம்பிக்கு இண்டென்ட் இல்லை. நான் கேட்கவில்லை.

அவள் போன பிறகு லாக் புக்கைத் திறந்தேன். பதினெட்டு வரிகளிலும் ஒவ்வொரு கோடு இழுத்து, உண்மையில் வைத்த வெப்பத்தை எழுதி, கையெழுத்துப் போட்டேன். வெள்ளிக் கம்பிக்கும் அப்படியே. கடைசியாகக் கொலுசுக் கண்ணியின் பக்கம் வந்தது. 930க்குக் கோடு, 990, கையெழுத்து. குறிப்புப் பத்தியில் என் எழுத்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. 'கலப்பு வெள்ளி. சோதனை செல்லாது.'

அதன் மேலும் ஒரு கோடு இழுத்தேன். மேலே எழுதினேன்: 'செல்லும்.' கையெழுத்துப் போட்டேன்.

விஞ்ஞானப்படி அது தவறு. கலப்பு வெள்ளி 930லும் உருகியிருக்கும். அந்தக் கண்ணி எதையும் நிரூபிக்கவில்லை. எனக்குத் தெரியும். பவானிக்கும் தெரியும். அந்த லாக் புக்கில் நான் தெரிந்தே எழுதிய பொய் அது ஒன்றுதான்.